கரியேட்டில் விழும் ஒளி

பென்சில் பிடித்து எழுதாதவர் நம்முள் எவரும் இரார். பென்சிலின் நடுவே உள்ள கருங்குச்சியை ஈயம் என்று சொல்லும் வழக்கம் இன்னும் முழுதும் மறையவில்லை. உண்மையில் அதில் ஈயம் சிறிதும் இல்லை. கிராஃபைட் என்னும் கரியையும் களிமண்ணையும் கலந்து சுட்டு அதனைச் செய்கிறார்கள். கிராஃபைட்டில் கரியணுக்கள் அடுக்கடுக்கான ஏடுகளாக அமைந்திருக்கின்றன. ஓர் ஏட்டுக்குள் அணுவுக்கும் அணுவுக்கும் உள்ள பிணைப்பு மிக வலியது. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையே உள்ள பற்றோ மிக மெல்லியது. ஆதலின் பென்சிலை இழுக்கும்போது ஏடுகள் சரிந்து கழன்று காகிதத்தில் ஒட்டிக்கொள்கின்றன. நாம் எழுத்து என்று படிப்பது இங்ஙனம் கழன்று விழுந்த கரியேடுகளின் குவியலையே.

அந்த அடுக்கிலிருந்து ஒரே ஓர் ஏட்டை மட்டும் தனியே பிரித்தெடுத்தால் அதற்குக் கிராஃபீன் என்று பெயர். அதன் கனம் ஓர் அணுவின் கனமே. கிராஃபைட்டில் ஏட்டுக்கு ஏடு உள்ள தொலைவு 0.335 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு அடுக்க ஏறத்தாழ 30 லட்சம் ஏடுகள் வேண்டும். ஏட்டைப் பெருக்கிப் பார்க்க முடியுமாயின், தேன்கூட்டின் அறுகோண அறைகளைப் போலக் கரியணுக்கள் 0.142 நானோமீட்டர் இடைவெளியில் வரிசையாக நிற்பது தெரியும்.

இவ்வேட்டின் மீது ஒளி விழுந்தால் மின்னோட்டம் பிறக்கிறது. அஃது எவ்வாறு பிறக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். கேள்வி எளியதுபோல் தோன்றும். ஆயினும் இதற்கு இரு விடைகள் எழுந்தன; இரண்டும் நம்பத்தக்கனவாகவே இருந்தன. எது சரி என்பதைப் பொறுத்து, இப்பொருளைக் கொண்டு என்ன செய்யலாம், என்ன செய்ய இயலாது என்பதும் மாறும். "நாளை நம் வீட்டு மாடிகளில் சிலிக்கான் தகடுகளுக்குப் பதில் கிராஃபீன் பூச்சே இருக்கும்" என்று பேசுவோர் பலர். அந்தப் பேச்சு நிற்குமா, விழுமா என்பதும் இவ்விடையில்தான் அடங்கியிருக்கிறது.

ஏடு கிடைத்த கதை

கரியேட்டின் தனித்தன்மையை முதலில் உணர்ந்தவர்களுள் நம்மவர் ஒருவர் உண்டு. 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்து, இராமனுடன் கல்கத்தாவில் ஆய்வு செய்த கே. எஸ். கிருஷ்ணன், கங்கூலி என்பவருடன் சேர்ந்து கிராஃபைட் படிகங்களின் மின் இயல்பையும் காந்த இயல்பையும் ஆராய்ந்தார். ஏட்டின் போக்கிலே மின்சாரம் எளிதாகப் பாய்கிறது, ஏட்டுக்குக் குறுக்கே பாய மிகவும் தயங்குகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது என்று அவ்விருவரும் 1939-இல் வெளியிட்டனர். கிராஃபைட்டிலுள்ள எலெக்ட்ரான்கள் தத்தம் ஏட்டுக்குள்ளேயே உலவுகின்றன என்பதை அதனால் அறியலாம். 1947-இல் கனடா நாட்டு அறிஞர் பிலிப் வாலஸ், ஒற்றை ஏட்டில் எலெக்ட்ரான்கள் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். அவருக்கு வேண்டியிருந்தது கிராஃபைட்டின் கணக்கு; ஒற்றை ஏடு அதற்கு முதற்படியாக மட்டுமே பயன்பட்டது.

2004-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலொவும் ஒற்றை ஏட்டைக் கைக்குக் கொண்டுவந்தனர். அவர்கள் கையாண்ட கருவி, கடையில் விற்கும் ஒட்டு நாடா! கிராஃபைட் துண்டின் மேல் நாடாவை ஒட்டி உரித்து, உரிந்ததை மீண்டும் மீண்டும் நாடாவால் பிரித்து, இறுதியில் சிலிக்கான் தகட்டின் மேல் அழுத்தி எடுத்தனர். எஞ்சிய துணுக்குகளுள் சில ஓரணுக் கனமே உடையனவாக இருந்தன. இதன் பொருட்டு 2010-ஆம் ஆண்டின் பௌதிக நோபெல் பரிசு அவ்விருவருக்கும் கிடைத்தது.

சிலிக்கான் எவ்வாறு செய்கிறது?

கிராஃபீனை அறியுமுன் சிலிக்கானை அறிவது நலம். ஒளி என்பது போட்டான் என்னும் பொட்டலம் பொட்டலமாக வருகிறது என்று ஐன்ஸ்டைன் 1905-இல் காட்டினார். ஒவ்வொரு போட்டானிடமும் குறித்த அளவு ஆற்றல் உண்டு. இந்த ஆற்றலை எலெக்ட்ரான்-வோல்ட் என்னும் அலகால் அளப்பர். கணக்குக்கு எளிதாக இருக்கும்பொருட்டு, ஓர் எலெக்ட்ரான்-வோல்ட்டை 1000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்போது செந்நிற ஒளியின் போட்டான் ஏறத்தாழ 1700 ரூபாயுடன் வருகிறது. ஊதா நிறப் போட்டான் 3000 ரூபாய்க்குச் சற்று மேலாகக் கொண்டுவருகிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் போட்டான்களின் மடியில் இருப்பது இவற்றினும் குறைவு.

சிலிக்கானில் எலெக்ட்ரான்கள் ஒரு கீழ்த்தளத்தில் நெருக்கமாக அமர்ந்திருக்கின்றன. அங்கு நகர இடமில்லை. மேலே வெறுமையான ஒரு தளம் உண்டு. அங்கு ஏறிவிட்டால் தடையின்றி உலவலாம். இரண்டுக்கும் இடையே உள்ள ஆற்றல் இடைவெளி 1.12 எலெக்ட்ரான்-வோல்ட்; நம் கணக்கில் 1120 ரூபாய். அதற்குக் குறைவாகக் கொண்டுவரும் போட்டானைச் சிலிக்கான் ஏற்பதில்லை. ஆகவேதான் 1100 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளமுள்ள ஒளி, கண்ணாடியை ஊடுருவுவது போலச் சிலிக்கானை ஊடுருவிச் செல்கிறது.

போதிய ஆற்றல் உள்ள போட்டான் விழுந்தால் ஓர் எலெக்ட்ரான் மேலே ஏறுகிறது. அது விட்டுச் சென்ற காலியிடம் துளை எனப்படும். துளை நேர்மின்னேற்றம் உடையதுபோல் நடந்துகொள்கிறது. தகட்டின் ஒரு பாகத்தில் துளைகள் மிகும்படியும் மற்றொரு பாகத்தில் எலெக்ட்ரான்கள் மிகும்படியும் செய்திருப்பார்கள். இரண்டும் சந்திக்கும் எல்லையில் இயல்பாகவே ஒரு மின்புலம் நிலவும். அப்புலம் எலெக்ட்ரானை ஒருபுறமும் துளையை மறுபுறமும் தள்ளிவிடுகிறது. வெளியே கம்பி இணைத்தால் மின்னோட்டம் கிடைக்கிறது. 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் இம்முறையில் செய்த சிலிக்கான் மின்கலம், தன்மேல் விழுந்த சூரிய ஆற்றலில் நூற்றுக்கு 6 பங்கை மின்சாரமாக்கிற்று. இன்று சந்தையில் கிடைக்கும் நல்ல தகடுகள் 20 பங்குக்கு மேல் தருகின்றன.

இதில் இடைவெளியின் பணி ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மேலே ஏறிய எலெக்ட்ரான் உடனே கீழே விழுந்துவிடாமல் காப்பது அந்த இடைவெளியே. மேல்தளத்தின் அடியில் அது சிறிது நேரம் தங்குகிறது. அந்த நேரத்துக்குள் புலம் அதனை இழுத்துச் சென்றுவிடுகிறது. மின்கலம் தரும் மின்னழுத்தத்துக்கு ஆதாரமும் இந்த இடைவெளிதான்.

இடைவெளி இல்லாத பொருள்

கிராஃபீனில் இந்த இடைவெளி இல்லை. வாலஸ் கணக்கிட்டுக் கண்டது இதுவே. கீழ்த்தளம் நிமிர்ந்து நிற்கும் ஒரு கூம்பு என்றும், மேல்தளம் அதன் நுனியில் நுனி பொருந்தத் தலைகீழாக நிற்கும் மற்றொரு கூம்பு என்றும் கருதிக்கொள்ளலாம். உடுக்கையை நிறுத்தி வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. இரண்டும் ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்கின்றன.

இதனால் விளைவது யாது? எவ்வளவு சிறிய ஆற்றலுடன் வரும் போட்டானுக்கும் கிராஃபீனில் இடம் உண்டு. புற ஊதா, கண்ணுக்குத் தெரியும் நிறங்கள், அகச்சிவப்பு என எல்லா ஒளியையும் அது ஏற்கிறது. 1500 ரூபாயுடன் ஒரு போட்டான் வந்தால், தொடுபுள்ளிக்கு 750 ரூபாய் கீழே இருந்த எலெக்ட்ரான் ஒன்று 750 ரூபாய் மேலே ஏறிவிடுகிறது.

எவ்வளவு ஒளியை ஏற்கிறது? 2008-இல் மான்செஸ்டர் குழுவினர் இதனை அளந்தனர். ஓர் ஏடு, தன்மேல் படும் ஒளியில் நூற்றுக்கு 2.3 பங்கை உறிஞ்சுகிறது; கண்ணுக்குத் தெரியும் நிறங்களில் எந்நிறமாயினும் ஏறக்குறைய இதே அளவுதான். வியப்பு என்னவெனில், இந்த எண்ணுக்குக் கரியின் இயல்போடு தொடர்பே இல்லை. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் 3.1416-ஐ 137-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.0229 வரும். ஒளிக்கும் எலெக்ட்ரானுக்கும் உள்ள உறவின் வலிமையைக் குறிக்கும் இயற்கை மாறிலி ஒன்றின் மதிப்பு ஏறத்தாழ 137-இல் ஒரு பங்கு. அந்த மாறிலியை வெறுங்கண்ணால் காணக் கிடைக்கும் இடம் கரியேடு ஒன்றே எனலாம்.

ஓரணுக் கனத்துக்கு 2.3 பங்கு என்பது மிகப் பெரிய அளவு. ஆனால் மின்சாரம் எடுக்க வேண்டுவோனுக்கு, மீதி 97.7 பங்கும் ஊடுருவிப் போய்விடுகிறது என்பதே முதலில் கண்ணில் படும்.

சூடான எலெக்ட்ரான், குளிர்ந்த கரி

ஏறிய எலெக்ட்ரான் அடுத்து என்ன செய்கிறது? நம் கேள்விக்குரிய இடம் இதுதான்.

750 ரூபாயுடன் மேலே வந்த எலெக்ட்ரானைச் சுற்றிலும் ஏழை எலெக்ட்ரான்கள் ஏராளம். அறை வெப்பநிலையில் அவற்றின் சராசரி வெப்ப ஆற்றல் 25 ரூபாய் அளவே. புதிதாக வந்த எலெக்ட்ரான் இவற்றோடு மோதித் தன் செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. இது சில பத்து ஃபெம்டோ நொடிகளுக்குள் முடிந்துவிடுகிறது. ஒரு நொடியை நூறு கோடியால் வகுத்து, வந்ததை மீண்டும் பத்து லட்சத்தால் வகுத்தால் வருவது ஒரு ஃபெம்டோ நொடி. இந்தப் பங்கீட்டுக்குப் பின் எலெக்ட்ரான் கூட்டம் முழுவதும் சற்றுச் சூடாகிவிடுகிறது.

சூடான எலெக்ட்ரான்கள் தம் வெப்பத்தைக் கரியணுக்களுக்குக் கொடுத்துக் குளிர வேண்டும். அணுக்கள் வெப்பத்தை அதிர்வாக வாங்கிக்கொள்ளும். ஆனால் கரியணுக்களின் பிணைப்பு மிக வலியதாகையால், அவற்றின் பேரதிர்வு ஒன்றை எழுப்பவே ஏறத்தாழ 0.2 எலெக்ட்ரான்-வோல்ட் வேண்டும். கடைக்காரர் 200 ரூபாய் நோட்டாகத்தான் வாங்குவேன் என்று அடம்பிடிப்பது போன்றது இது. கையில் 750 ரூபாய் உள்ளவன் நோட்டை நீட்டலாம்; பங்கிட்டுக்கொண்டபின் ஒவ்வொருவனிடமும் முப்பது, நாற்பது ரூபாய்ச் சில்லறைதானே இருக்கிறது? சில்லறையை வாங்கும் மெல்லதிர்வுகளும் உண்டு. ஆனால் அவை ஒரு முறைக்கு மிகச் சிறு தொகையையே வாங்கும். ஆகவே கடன் தீர நேரமாகிறது.

நேரமாகிறது என்பது எலெக்ட்ரானின் கணக்கில்தான். அது பிக்கோ நொடி அளவு, அதாவது ஆயிரம் ஃபெம்டோ நொடி அளவு. ஆனால் அந்த நேரத்துக்குள் ஒரே ஏட்டில் இரு வெப்பநிலைகள் நிலவுகின்றன. எலெக்ட்ரான்கள் சூடாக இருக்கின்றன. அவற்றைத் தாங்கி நிற்கும் கரியணுக்கள் குளிர்ந்தே இருக்கின்றன. கொதிக்கும் சாம்பார் இருக்க, சட்டி சுடாமல் இருப்பதை எங்கேனும் கண்டதுண்டா? கிராஃபீனில் அதுதான் நிகழ்கிறது.

இரு விடைகள்

இனி மின்னோட்டத்துக்கு வருவோம். முதல் விடை, சிலிக்கானைப் பார்த்துச் சொன்ன விடை. ஒளி, எலெக்ட்ரானையும் துளையையும் பிரிக்கிறது. எல்லையிலுள்ள மின்புலம் அவற்றை இருபுறமும் இழுக்கிறது. ஆகவே மின்னோட்டம் என்பது அது. இதனைப் புல விடை என்போம்.

இரண்டாம் விடை, இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கண்டுபிடிப்பை நினைவூட்டுவது. 1821-இல் சீபெக் என்னும் ஜெர்மானிய அறிஞர், இரு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து ஓர் இணைப்பை மட்டும் சூடாக்கினார். அருகிலிருந்த காந்த ஊசி அசைந்தது. வளையத்தில் மின்னோட்டம் ஓடியது. வெப்பமான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்தை நோக்கி எலெக்ட்ரான்கள் பரவுவதே இதற்குக் காரணம். உலைகளின் வெப்பத்தை அளக்கும் வெப்ப இரட்டைகள் இன்றும் இம்முறையில்தான் இயங்குகின்றன. கிராஃபீனிலும் ஒளி பட்ட இடத்து எலெக்ட்ரான்கள் சூடாகி வெளிநோக்கிப் பரவுகின்றன. ஆகவே மின்னோட்டம் என்பது இவ்விடை. இதனை வெப்ப விடை என்போம்.

எது சரி என்று எப்படி அறிவது? இடப்புறம் துளைகள் மிகுந்தும் வலப்புறம் எலெக்ட்ரான்கள் மிகுந்தும் உள்ள ஓர் ஏட்டை எடுத்துக்கொள்வோம். நடு எல்லையில் ஒளியைக் குவிக்கிறோம். புல விடையின்படி, எலெக்ட்ரான்கள் வலப்புறமும் துளைகள் இடப்புறமும் செல்லும். ஆகவே மின்னோட்டம் இடப்புறமாக ஓடும். வெப்ப விடையின்படி, இடப்புறத்திலுள்ள சூடான துளைகள் மேலும் இடப்புறமாகப் பரவும். வலப்புறத்துச் சூடான எலெக்ட்ரான்கள் மேலும் வலப்புறமாகப் பரவும். இரண்டாலும் மின்னோட்டம் இடப்புறமே ஓடும். இரு விடைகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன! இத்தகைய எல்லையில் எத்தனை முறை அளந்தாலும், திசையைக் கொண்டு வழக்குத் தீராது.

தீர்ப்புச் சொன்ன சோதனை

வழக்கைத் தீர்க்க, இரு விடைகளும் எதிரெதிர்த் திசை காட்டும் ஓர் இடத்தைத் தேட வேண்டும். அதற்குக் கிராஃபீனே வழி விடுகிறது. ஏட்டின் அருகே ஓர் உலோக முனையை வைத்து அதற்கு மின்னழுத்தம் கொடுத்தால், ஏட்டில் எலெக்ட்ரான் மிகுதியா, துளை மிகுதியா, எவ்வளவு என்பதை நாமே விரும்பியபடி மாற்றலாம். இவ்வுலோக முனைக்கு வாயில் என்று பெயர். ஏடு முழுவதற்கும் கீழே ஒரு வாயிலும், பாதி ஏட்டுக்கு மேலே மற்றொரு வாயிலும் வைத்தால் இரு பாதிகளையும் தனித்தனியே ஆளலாம்.

வலப்பாதியில் எலெக்ட்ரான்கள் மிக அதிகமாக இருக்கும்படி நிறுத்திவைப்போம். இடப்பாதியைத் துளை மிகுதியிலிருந்து படிப்படியாக எலெக்ட்ரான் மிகுதிக்குக் கொண்டுவருவோம். புல விடையின்படி என்ன நிகழ வேண்டும்? எல்லையின் புலம் எலெக்ட்ரான் மிகுந்த பக்கத்தை நோக்கி எலெக்ட்ரானைத் தள்ளும். இடப்பாதியில் எலெக்ட்ரான் வலப்பாதியைவிடக் குறைவாக இருக்கும்வரை மின்னோட்டம் இடப்புறமே ஓட வேண்டும். இரண்டும் சமமாகும்போது நின்று, அதன்பின் ஒரே ஒரு முறை திசை மாற வேண்டும்.

வெப்ப விடையின்படி கதை வேறு. இரு பாதிகளிலும் எலெக்ட்ரானே மிகுந்திருந்தால், இரு பக்கமும் சூடான எலெக்ட்ரான்கள் வெளிநோக்கிப் பரவி ஒன்றையொன்று எதிர்க்கும்; எப்பக்கத்துத் தள்ளல் பெரிதோ அதுவே வெல்லும். எலெக்ட்ரான் நெரிசல் மிகுந்தால் வெப்பத் தள்ளல் குறையும் என்பது தெரிந்த உண்மை. நெரிசல் குறையக் குறையத் தள்ளல் வளரும். ஆனால் எலெக்ட்ரானும் துளையும் சமமாகும் புள்ளியில் இரண்டின் தள்ளலும் கழிந்து சுழியாகிவிடும். ஆகவே துளை மிகுதியிலிருந்து வரும் இடப்பாதியில், சமப் புள்ளியைத் தாண்டிச் சிறிது எலெக்ட்ரான் சேர்ந்தவுடன் அதன் தள்ளல் வலப்பாதியின் தள்ளலை மிஞ்சிவிடும். மின்னோட்டம் திசை மாறி வலப்புறமாக ஓடும். இன்னும் எலெக்ட்ரானைச் சேர்த்துக்கொண்டே போனால் இடப்பாதியின் தள்ளல் மீண்டும் குறைந்து, இரு பாதிகளும் சமமாகுமிடத்தில் மின்னோட்டம் மறுபடியும் திசை மாறும். புல விடை ஒரு மாற்றம் சொல்லுகிறது. வெப்ப விடை இரு மாற்றங்கள் சொல்லுகிறது. இரண்டு வாயில்களையும் எல்லா வகையிலும் மாற்றி ஒரு படமாக வரைந்தால், புல விடைக்கு இரு திசைப் பகுதிகளும், வெப்ப விடைக்கு மாறி மாறி வரும் ஆறு திசைப் பகுதிகளும் தோன்ற வேண்டும்.

2011-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பாப்லோ ஹரியோ-எரெரோவும் லியோனிட் லெவிடோவும் அவர்தம் குழுவினரும் இச்சோதனையின் முடிவை வெளியிட்டனர். படத்தில் ஆறு பகுதிகள் இருந்தன. இத்தகைய எல்லையில் மின்னோட்டத்தைப் பிறப்பிப்பது சூடான எலெக்ட்ரான்களே என்பது தெளிவாயிற்று.

இதனால் எல்லாக் கிராஃபீன் கருவிகளிலும் வெப்பமே முழுக் காரணம் என்று கொள்ளலாகாது. ஏட்டின் இரு முனைகளுக்கும் இடையே வெளியிலிருந்து மின்கலத்தை இணைத்து அழுத்தம் கொடுத்தால், புலத்தின் பங்கும், சூட்டால் ஏட்டின் மின்தடை மாறுவதன் பங்கும் சேர்ந்துகொள்கின்றன. ஆயினும் வெளியழுத்தம் இன்றி எல்லையில் தானே பிறக்கும் மின்னோட்டத்தில் வெப்பத்தின் கையே ஓங்கியிருக்கிறது.

மாடிக்கு ஆகுமா?

இப்போது மாடித் தகட்டின் கேள்விக்கு விடை காணலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிராஃபீனில் ஒரு பாகை வெப்பநிலை வேறுபாட்டுக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் சில பத்து மைக்ரோவோல்ட் அளவு. இரு பாதிகளும் எதிரெதிர்க் குறியுடன் 50, 50 மைக்ரோவோல்ட் தருவதாகக் கொண்டால் வேறுபாடு 100. எலெக்ட்ரான்கள் சுற்றுப்புறத்தைவிட 10 பாகை சூடாயின என்று வைத்தால், கிடைப்பது 1000 மைக்ரோவோல்ட். அதாவது ஒரு மில்லிவோல்ட். சிலிக்கான் மின்கலம் ஒன்று ஏறத்தாழ 0.6 வோல்ட் தருகிறது. அறுநூறு மடங்கு வேறுபாடு!

இதன்மேல், ஒளியில் 2.3 பங்குதான் ஏட்டில் தங்குகிறது. தங்கிய ஆற்றலும் பிக்கோ நொடிகளில் கரியணுக்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஏடுகளை அடுக்கினால் ஒளி மிகுதியாகத் தங்கும். ஆனால் இடைவெளி இன்மை என்னும் குறை அடுக்குவதால் நீங்காது. மேலேறிய எலெக்ட்ரானைத் தாங்கிப் பிடிக்கத் தளமின்றி மின்னழுத்தம் நிற்பதில்லை.

2013-இல் ஸ்பெயினில் பார்சிலோனாவை அடுத்த ஒளியியல் ஆய்வு நிலையத்தார், கிராஃபீனில் ஒரு போட்டான் ஒன்றுக்கு மேற்பட்ட எலெக்ட்ரான்களைச் சூடாக்குகிறது என்று காட்டினர். "ஒரு போட்டானுக்குப் பல எலெக்ட்ரான்" என்று கேட்டவுடன் மின்சாரம் பல மடங்காகும் என்று எண்ணத் தோன்றும். 750 ரூபாயைப் பத்துப் பேர் பங்கிட்டால் பணக்காரர் பத்துப் பேர் உண்டாவதில்லை. ஆள் பெருகும், தொகை பெருகாது. அக்கண்டுபிடிப்பு உண்மையானது, அருமையானது. அதிலிருந்து வீட்டு மின்சாரத்துக்குத் தாவுவதுதான் பொருந்தாது. சூரியத் தகடுகளில் கிராஃபீனுக்கு வேலை இல்லாமலில்லை. ஒளியையும் ஊடுருவவிட்டு மின்சாரத்தையும் கடத்துவதால், பிறபொருள் மின்கலங்களின் மேல் மின்முனையாக அதனைப் பரப்பலாம். ஆனால் அங்கே மின்சாரத்தைப் பிறப்பிப்பது வேறு பொருள். கிராஃபீன் அதனைச் சுமந்து செல்வது மட்டுமே.

எதற்கு ஆகும்?

மின்சாரம் சேர்க்க உதவாத குணங்களே ஒளியை உணர உதவுகின்றன. எலெக்ட்ரான்கள் விரைவில் சூடாகி விரைவில் குளிர்கின்றன அன்றோ? ஆகவே ஒளி மின்னி மின்னி அணைவதைக் கிராஃபீன் பின்தங்காமல் பின்பற்றும். 2009-இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் செய்த கிராஃபீன் ஒளியுணரி, நொடிக்கு 4000 கோடி முறை மாறும் ஒளியையும் சோர்வின்றி உணர்ந்தது.

கண்ணாடி இழைகளின் வழியே தொலைதூரம் செல்லும் செய்திகள் பெரும்பாலும் 1550 நானோமீட்டர் ஒளியில் செல்கின்றன. அப்போட்டானிடம் இருப்பது 800 ரூபாய். 1120 கேட்கும் சிலிக்கான் அதனைத் திரும்பியும் பாராது. இதற்கெனச் செருமேனியத்தையும் வேறு கலப்புப் பொருள்களையும் இப்போது கையாளுகிறார்கள். கிராஃபீனோ எந்தத் தொகையையும் ஏற்கும். சிலிக்கான் சில்லின் மேலேயே பரப்பவும் இயலும். 2.3 பங்கு என்னும் குறைக்கும் பரிகாரம் உண்டு. ஒளியை ஏட்டுக்குச் செங்குத்தாக விழச்செய்யாமல், சிலிக்கானில் அமைத்த சிறு ஒளிவழிகளில் செலுத்தி அவற்றின் மேல் ஏட்டைப் போர்த்தினால், ஒளி ஏட்டை ஒட்டியே நெடுந்தொலைவு செல்ல நேர்கிறது. செல்லும் வழியெல்லாம் உறிஞ்சப்படுகிறது. இவ்வகை உணரிகளை 2013-இல் மூன்று குழுவினர் தனித்தனியே செய்து காட்டினர்.

வேறொரு பரிகாரம், ஒளியை உறிஞ்சும் வேலையை மற்றொரு பொருளிடம் ஒப்படைப்பது. 2012-இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் ஈய சல்பைடின் நுண்துகள்களைக் கிராஃபீன்மேல் பூசினர். துகள் ஒளியை உறிஞ்சுகிறது; பிறந்த இரு மின்னேற்றங்களுள் ஒன்று துகளில் சிக்கிக்கொள்ள, மற்றது கிராஃபீனில் இறங்குகிறது. சிக்கியது விடுபடும்வரை, மின்கலத்தின் துணையால் கிராஃபீனில் மின்னேற்றம் மீண்டும் மீண்டும் சுற்றுகிறது. ஒரு போட்டானுக்குப் பத்துக் கோடி எலெக்ட்ரான் அளவு பெருக்கம் இவ்வாறு கிடைத்தது. இங்கே கூடுதல் ஆற்றலைத் தருவது ஒளியன்று, இணைத்த மின்கலமே. ஆதலால் ஆற்றல் அழியா விதிக்கு இழுக்கில்லை. 2013-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் மாலிப்டினம் டைசல்பைடைக் கிராஃபீனுடன் சேர்த்து, இதே நெறியில் மிக நுட்பமான ஒளியுணரியைச் செய்தனர். 2017-இல் பார்சிலோனா குழு, 388 வரிசையும் 288 வரிசையுமாக உணரிகளை அமைத்து, புற ஊதா முதல் அகச்சிவப்பு வரை காணும் ஒரு படக்கருவியையும் உருவாக்கிற்று.

நாம் கொள்ள வேண்டியவை

ஒளி விழுகிறது, எலெக்ட்ரான்கள் சூடாகின்றன, அணுக்கள் குளிர்ந்தே நிற்கின்றன, இருபுறத்து இயல்பும் வேறுபடும் எல்லையில், பரவும் வெப்பம் மின்னோட்டமாகிறது. கிராஃபீன் ஒளியை மின்னோட்டமாக்கும் முறையின் சாரம் இவ்வளவே. இதில் ஒளிக்கும் மின்சாரத்துக்கும் இடையே வெப்பம் ஒரு தூதுவனாக நிற்கிறது.

பௌதிகம் பயிலாத நண்பர்களும் இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இரு விளக்கங்கள் ஒரே விளைவைச் சொல்லும் இடத்தில் எவ்வளவு அளந்தும் பயனில்லை. அவை முரண்படும் இடத்தைத் தேடிச் சென்று அங்கே அளக்க வேண்டும். வரலாறு படிப்போருக்கும் பொருளாதாரம் படிப்போருக்கும் இது பொருந்தும். அதிசயப் பொருள் ஒன்றைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போதும், "எவ்வளவு உறிஞ்சுகிறது? எவ்வளவு மின்னழுத்தம் தருகிறது? எவ்வளவு நேரம் நிற்கிறது?" என்னும் மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும், செய்தியில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். இக்கேள்விகளைக் கேட்பதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. பென்சிலும் ஒரு துண்டுக் காகிதமும் இருந்தால் கணக்கைப் போட்டுவிடலாம்.